அப்பா ரிப்பேர் செய்யாத மிஷின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டனை அமுக்கியது நான்தான். அம்மா சொன்னாள், அமுக்கினேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்பா வாஷிங் மிஷின் மெக்கானிக். பாதித் தலை வழுக்கை. ஆனால் கம்ப்யூட்டரில் செய்கிற புதுப் பாட்டு என்றால் உயிர். அதிலும், முகத்தில் வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டு ஆடும் ஒரு ஜோடி. அவர்களுடைய வீடியோ வந்துவிட்டால் அன்று யார் வீட்டு மிஷினும் ரிப்பேர் ஆகாது. நாற்பது தடவை பார்ப்பார். படிப்பை விட்டுவிட்டு செல்போன் கடையில் ஸ்கிரீன் ஒட்டுகிற நானே மூன்றாவது தடவை கொட்டாவி விடுவேன்.

ஒரு நாள் அந்த ஜோடி அறிவித்தது. ரசிகர்களே, உங்கள் வீட்டுச் சத்தம் ஒன்றை அனுப்புங்கள். பிடித்தால் அடுத்த பாட்டில் சேர்ப்போம். வீடியோவில் பெயர் வரும்.

அப்போது எங்கள் வீட்டு மிஷினில் ஷாக் அப்சார்பர் போயிருந்தது. துணி பிழியும்போது தடதடவென்று ஆடி, குளியலறைக் கதவு வரை நடந்து வரும். ஊரெல்லாம் அந்த பார்ட்டைப் பத்து நிமிடத்தில் மாற்றுகிற மனுஷன் வீட்டில் மட்டும் மாற்றவில்லை. மிஷின்மேல் காதை வைத்துக் கேட்டார். "ஆயிரம் மிஷின்ல ஒண்ணுலதான் இப்படித் தாளம் விழும், பாப்பா" என்றார்.

அம்மா நர்ஸ். தினமும் வெள்ளை யூனிஃபார்ம். தினமும் கையால் பிழிந்தாள்.

"என்னங்க, பார்ட் வந்துச்சா?"

"வெளிநாட்டுலேர்ந்து வரணும்மா. கப்பல்ல இருக்கு."

"மூணு வாரமாவா?"

"கடல் பெருசு இல்லையா."

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பிழியப் போய்விட்டாள். அப்பா அதை ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார். அதுதான் அவருடைய பிரச்சினை.

பதிவு மட்டும் அமையவே இல்லை. ஒரு தடவை வாசலில் ஹாரன். ஒரு தடவை என் தும்மல். அனுப்பவேண்டிய கடைசி நாள் வந்தது. அம்மா டியூட்டிக்குப் போனதும் அப்பா இரண்டு ஈரத் துண்டையும் என் ஜீன்ஸையும் டிரம்முக்குள் ஒரே பக்கமாகத் திணித்தார். அவர் கணக்குப்படி அப்போதுதான் தாளம் பிசகாது. மிஷின் நடந்தது. அப்பா போனை நீட்டியபடி பின்னாலேயே ஆடிக்கொண்டு போனார்.

ஷிப்ட் மாறி அம்மா திரும்பி வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

"ஊர்ல எல்லாம் மிஷின் ஓடுது. என் வீட்டுல மட்டும் நடக்குது. அதுக்குப் பின்னாடி நீங்க வேற."

திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை. அதையே அனுப்பினார்.

மறுபடி கேட்டால் வேண்டுமே என்று அதன் பிறகும் மிஷினைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் படித்தேன். "உங்கள் பதிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதில் பேசும் பெண்மணியின் சம்மதம் வேண்டும்." அதற்குமேல் கேட்க அப்பா நிற்கவில்லை. சமையலறைக்கு ஓடினார்.

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. என் பல வருஷக் கனவு."

"சொல்றேன். முதல்ல மிஷின்."

"பார்ட்தான் கப்பல்ல..."

"கப்பல் உங்க ஸ்கூட்டர் டிக்கியில நிக்குது. நேத்து ரெயின்கோட் எடுக்கறப்ப பார்த்தேன்."

அப்பா ஸ்பேனரை எடுத்தார். பத்தே நிமிடம். சீட்டியடித்துக்கொண்டே மாற்றினார். "சத்தந்தான் பதிவாயிடுச்சே. இனிமே இது ஊமையா இருந்தா எனக்கென்ன?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மிச்சத்தையும் படி."

படித்தேன். "பின்னால் கேட்கும் இரைச்சலை வைத்துக்கொள்வதா, நீக்குவதா?"

"நீக்கு."

"மா, அதுதாம்மா அப்பாவோடது."

"ரெண்டு மாசமாப் பிழிஞ்ச கை இது. நீக்கு."

எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. அமுக்கினேன்.

வீடியோ வந்த அன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தார். வெள்ளி முகங்கள் ஆடின. அம்மாவின் குரல் வந்தது. "நடக்குது, நடக்குது, மட்டும் நடக்குது." சும்மா சொல்லக் கூடாது, பாட்டு பிரமாதம். அப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தார். முடிந்தது. கடைசியில் ஒரே ஒரு பெயர் வந்தது. அம்மா பெயர்.

"நம்ம தடதட எங்க, பாப்பா?"

"அடியில இருக்கும்ப்பா. நல்லாக் கேளுங்க" என்றேன். பொய்.

அவர் நம்பிவிட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று மிஷினில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திக்கூடப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் கையால் மாற்றிய பார்ட் அப்படி. எனக்குத்தான் நெஞ்சு உறுத்துகிறது. இன்று சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நாற்பத்தொன்றாவது தடவையாகப் பாட்டைப் போட்டார்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "என்னங்க, கொஞ்சம் சத்தமா வைங்க. நான் பேசறது சரியாக் கேக்கல."