மலைமேல் குதிரைக்கு வேலி கண்ட விவரம்

திருப்புலி நாடு, கொல்லிமலை
1937, மாசி மாதம்

ம.ரா.ரா.ஸ்ரீ சேலம் வக்கீல் மைத்துனர் அவர்களுக்கு அருணாசலம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கை ருக்குமணியும் நலம். பென்ஷன் வாங்கியபின் நான் தொடங்கிய குதிரைப் பண்ணையின் ஒரே குதிரையாகிய, நீங்கள் நம்பி ஒப்படைத்த உங்கள் சினைக்குதிரை எங்களைவிட நலம். அது வேலிக்கு வெளியே ஒரு குளம்பு வைத்தாலும் குதிரையோடு தங்கையையும் அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். இனி அந்தக் கவலை வேண்டாம். வேலி முடிந்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய இங்கிலீஷ் புத்தகத்தில் கண்டபடி முதலில் மரச்சட்டம் அடித்து வெள்ளை வர்ணம் பூசினேன். நம் குதிரை அதில் முதுகு தேய்த்தது, சட்டம் சரிந்தது, படத்திலுள்ள குதிரைக்கு முதுகு அரிப்பதில்லை போலும். பிறகு சேந்தமங்கலத்தில் சிராஜுதீன் கடையில் முள்கம்பி கேட்டேன். "ஏனுங்க, குதிரைக்கா? ஒடம்பைக் கிழிச்சுக்குமுங்க" என்றார். வியாபாரி சரக்கை விற்கத் தயங்கினால் அதில் ஏதோ சூது இருக்கும் என்று வற்புறுத்தி வாங்கி, தலைச்சுமையாக மலையேற்றினேன். குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை. கம்பி எட்டாத பக்கமாக அது போய்விட்டது, கிழிந்தது என் வேட்டிதான். அடுத்து, பக்கத்துக் காட்டுக்காரர் செல்லமுத்து கிளுவை மரத்துப் போத்துகளை வெட்டி நட்டால் உயிர்வேலி ஆகிவிடும் என்று சத்தியம் செய்து நட்டார். உயிர் வந்தது. தளிர் விட்டதும் குதிரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மேய்ந்து முடித்தது. "நல்லாத் திங்குதுங்க, குட்டி திடமா இருக்கும்" என்று செல்லமுத்து பாராட்டினார்.

கடைசியாகக் கற்சுவர். முடியும் தறுவாயில் ஊரார் திரண்டு வந்து, சாமி போகும் தடம் என் நிலத்தின் நடுவே போகிறது, அடைக்கலாகாது என்றார்கள். திருவிழா ஆண்டுக்கொரு முறைதானே, படல் வைத்து அன்று திறந்துவிடுகிறேன் என்றேன்.

"சாமி எப்ப வாரதுன்னு உங்களைக் கேட்டுட்டுத்தான் வரணுமுங்களா?" என்றார் செல்லமுத்து.

"வந்து தட்டினால் திறக்கமாட்டேனா?"

"தட்டறதுக்கு அவரென்ன தபால்காரருங்களா?"

கூட்டம் சிரித்தது; உங்கள் தங்கையும் சிரித்தாள். பட்டா என்னிடம் இருக்கிறது என்றேன். சர்க்கார் சங்கிலி பிடித்து அளப்பதற்கு முன்பே சாமி நடந்துவிட்டாராம். ஆகவே சுவரில் நாலு பேர் சேர்ந்து வரும் அகலத்துக்கு ஓர் இடைவெளி திறந்தே இருக்கிறது. அதில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாமி வந்தால் எழுந்துவிடுவேன். குதிரை வந்தால் எழமாட்டேன். இவ்வளவு யோசனையுள்ள வேலி உங்கள் புத்தகத்தில் இல்லை. இனி உங்கள் குதிரை அசையாது என்று உறுதி கூறுகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி, உங்கள் கட்சிக்காரர்களுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
அருணாசலம்

பின்குறிப்பு: ஆசி எழுதக் குனிந்த நேரத்தில் குதிரை முக்காலிக்குப் பக்கமாக வெளியே போய்விட்டது. நாலு பேர் அகலத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதை அது கவனித்திருக்கிறது. நேரே சாமி தடத்திலேயே நடந்து கோயில் வாசலில் நின்றதால், சாமியே வாகனம் வரவழைத்துக்கொண்டார் என்று செல்லமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இனி கயிறு போடக்கூடாதாம். ஊரே சாமைச்சோறு ஊட்டுகிறது, ருக்குமணி மாலை கட்டுகிறாள். உங்கள் நிபந்தனையை நினைவூட்டினேன். "அண்ணன்கிட்டச் சொல்லுங்க, குதிரை வந்தா நானும் வாரேன்" என்கிறாள். சாமி பேருக்கு நோட்டீஸ் அனுப்பும் முறை உங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கும். விலாசம் நான் தருகிறேன்.