முற்றத்தில் நின்ற மாமனார்

அந்தக் குதிரையை எவனுக்கும் கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் லாயம். கேட்டது குதிரை மட்டும்.

வயது பத்தொன்பது. வலக்கண் தெரியாது. பின்னங்கால் ஒன்று மடங்காது. வண்டி இழுக்காது, ஏர் இழுக்காது. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் உதைக்காது. இரவெல்லாம் மாவு மில்லைக் காவல் காத்துவிட்டு வரும் என் புலம்பலை முழுசாகக் கேட்கும் ஒரே ஜீவன்.

"புலெங் அப்பா, பனி விழறதுக்குள்ள அதுக்கு ஒரு இடம் பாருங்க. இங்க தீவனம் ஏது?" என்றாள் என் மனைவி மாபுலெங், அதாவது எங்கள் மகள் புலெங்கின் அம்மா.

"இடம்னா? கறிக்கடையா?"

"நல்ல இடமாப் பார்ப்போம்."

"நொண்டிக் குதிரையை எந்த நல்லவன் கேப்பான்?"

"நான் விசாரிக்கிறேன்."

அவள் விசாரித்தால் காரியம் முடிந்த மாதிரி. ஆகவே மூளையைப் பயன்படுத்தினேன். எங்கள் பசோத்தோ மக்களில் மருமகள் மாமனார் பெயரை வாயால் உச்சரிக்க மாட்டாள். அவர் முன்னால் தலையை மூடாமல் நிற்க மாட்டாள். குதிரைக்கு, இறந்துபோன என் அப்பாவின் பெயரை வைத்தேன். மொலெஃபி! மாமனாரை வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்ற பேச்சு வாங்க எவளுக்குத் துணிச்சல் வரும்?

"மாபுலெங், அப்பாவுக்குப் புல் போட்டியா?"

அவள் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குதிரையைப் பார்த்துப் பணிவாகக் குனிந்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வந்தால் அடுப்பு சில்லென்று கிடந்தது.

"களி எங்கடி?"

"தண்ணி எடுக்க முற்றத்தைத் தாண்டணும். மாமனார் நிக்கிறாரு. குறுக்க போகலாமா?"

"அது குதிரைடி!"

"ஐயையோ! பெத்த அப்பனைக் குதிரைங்கிறீங்களே!"

விறகும் முற்றத்துக்கு அப்பால். துணி காயப்போடும் கம்பியும் அப்பால். பத்து நாள் நானே தண்ணீர் சுமந்தேன், விறகு பிளந்தேன், சோளக்களி கிண்டினேன். களியில் கட்டி இருந்தது என்பதைவிட, கட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் களி இருந்தது என்பதே சரி.

பக்கத்து வீட்டு செலெபாலோ வேலியில் சாய்ந்து கேட்டான்: "என்னய்யா, இந்த வீட்டுக்குப் புதுசா வந்த மருமகளா நீ?"

பதினோராம் நாள் சரணடைந்தேன். "தாயே, நல்ல இடம் இருந்தாச் சொல்லு."

"அன்னைக்கே பார்த்துட்டேன். மிஷன் பக்கத்துல மாதாபோ அக்கா. முட்டிவலி. ஏறிப் போக இல்ல, பிடரியைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடக்க ஒரு சாதுவான குதிரை வேணுமாம். ஓடவே கூடாதாம்."

கூட்டிப்போனோம். கூரை முட்டக் காய்ந்த தீவனம். மாதாபோ அக்கா கண் தெரிகிற பக்கமாக வந்து, கழுத்தைத் தடவி, பிடரியைப் பிடித்தாள். இருவரும் முற்றத்தை நொண்டி நொண்டி ஒரு சுற்று வந்தார்கள். அடி பிசகவில்லை. பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

திரும்பும் வழியில் சொன்னேன்: "இனி நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்குங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் மில்லுல இருந்து நேரா அக்கா வீட்டுக்குப் போயிடுங்க."

"எதுக்கு?"

"வாராவாரம் மகன் வந்து பார்த்துக்குவாருன்னு அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அப்பாவை இப்படி அநாதையா விட்டா ஊரு என்ன பேசும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே மிஷன் கோயிலுக்குப் போகும் பாதையோரம், நான் அப்பாவின் சாணத்தை அள்ளிக்கொண்டிருந்தேன்.