பெருவிரல் மந்திரம்

அது ஆடி அமாவாசையா தை அமாவாசையா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. சாம்பிராணிப் புகை அதிகமா, டீசல் புகை அதிகமா என்பதும் மறந்துவிட்டது. கூட்டம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. சித்தையன்கோட்டைச் சாலையில் மூடிக்கிடந்த எடைமேடைக்கு முன்னால் டிராக்டர், லோடு ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் பக்தியோடு வரிசையில் நின்றன. உள்ளே 'இஞ்சின் சித்தர்' பொன்னுத்துரை. மனிதர்களுக்குப் பேயோட்டினால் சில பேர் திருப்பிக் கேள்வி கேட்கிறார்கள். வண்டி கேட்காது. ஆகவே அவர் வண்டிகளுக்கு ஓட்டினார்.

வரிசையில் மணிமேகலையும் இருந்தாள். கணவன் இறந்தபின், அவன் விட்டுப்போன பழைய பிக்கப்பில் விடியற்காலையில் திண்டுக்கல் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. சில நாட்களாக, ஸ்டார்ட் செய்து நகராமல் நிறுத்தி வைத்தால் வண்டி குலுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிடும். மெக்கானிக் இஷாக்கிடம் போனில் சொன்னாள்.

"காத்து புடிச்சிருக்கும்க்கா, கொண்டாங்க" என்றார் அவர்.

டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அவர் சொன்னார். அவள் காதில் அது காத்து கருப்பு என்று விழுந்தது. பட்டறைக்குப் போகவேண்டிய வண்டி சித்தரிடம் வந்து நின்றது.

சித்தரின் முறை எளிது. இஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் வண்டியின் பானெட்டில் எலுமிச்சம்பழம் வைப்பார். குலுக்கலில் அது உருண்டு விழும். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கண்ணை மூடி மந்திரம் சொல்வார். மச்சான் அழகுராஜா காது கிழிய உடுக்கை அடிப்பான். இஞ்சின் உறுமும். அது பேயின் அலறலாம். பழம் அசையாது நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மணிமேகலைக்கும் பழம் நின்றது. "உள்ள இருக்கிறது ஒம் புருசந்தாம்மா" என்றார் சித்தர். "நான் உக்காந்தா அடங்குறான், எந்திரிச்சா ஆடுறான். வண்டி வீட்டுக்குத் திரும்பிச்சுன்னா அடுத்து ஒம் பிள்ளையத் தூக்கிருவான்."

பரிகாரம்? வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பாவத்தை அடிமாட்டு விலைக்குச் சுமந்துகொள்ள அழகுராஜா தயாராக இருந்தான். அவன் பழைய வண்டித் தரகன் என்பது ஆண்டவன் செயல். மணிமேகலை அழுதுகொண்டே சாவியை நீட்டப் போனாள்.

கூட வந்திருந்த நாத்தனார் ஆனந்தி அவள் கையைப் பிடித்தாள். "பொறுங்க மதினி. எங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே ஒழுங்கா எந்திரிக்க மாட்டான். செத்துப்போயா விடியக்காலையில வந்து இஞ்சினை உலுக்குறான்?"

பிறகு சித்தரைக் கும்பிட்டாள். இன்னொரு தடவை அண்ணனை அடக்கிக் காட்டினால், பாதபூஜை செய்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். கூட்டம் உருகிப்போனது. யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

சித்தர் ஏறினார். உடுக்கை அதிர்ந்தது. பழம் நின்றது. ஆனந்தி கதவைத் திறந்து செம்போடு குனிந்தாள். சித்தர் மந்திரத்தை விடாமல் இடது காலை நீட்டினார்.

"வலது காலு சாமி" என்றாள் ஆனந்தி.

சித்தருக்குக் காது கேட்கவில்லை. கூட்டத்துக்குக் கேட்டது. பூஜைக்கு எவனாவது இடது காலைக் கொடுப்பானா என்று முணுமுணுத்தார்கள். பயபக்தி மிகுந்த இரண்டு பேர் அவருடைய வலது காலைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார்கள்.

மந்திரம் நிற்கவில்லை. உடுக்கை நிற்கவில்லை. உறுமல் மட்டும் நின்றது. வண்டி குலுங்கியது. பழம் உருண்டு சித்தரின் சிஷ்யகோடிகள் காலடியில் விழுந்தது.

ஆனந்தி தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "மந்திரம் வாயில இருந்துச்சா, பெருவிரல்ல இருந்துச்சா சாமி?"

வண்டி பட்டறைக்குப் போனது. இஷாக் விரிசல் விட்ட ரப்பர் குழாயை மாற்றினார், காற்றை வெளியேற்றினார். மணிமேகலை இன்றும் அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போகிறாள். ஆனந்தி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். அழகுராஜா தரகை விட்டுவிட்டு உடுக்கையை விற்கப் பார்க்கிறான். பொன்னுத்துரை பழனிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் தண்ணீர் பார்க்கிறார். அன்று கால் கழுவிய தண்ணீரைத் தீர்த்தமென்று தங்கள் வண்டியில் தெளித்துக்கொண்டவர்கள் இப்போது அங்கே வரிசையில் நிற்கிறார்கள். காலில் விழக் குனிகிறவர்கள், அந்தக் கால் எதை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தால் போதும்.