இல்லாத ஆடு

"ஐயா, எங்கங்க இந்தப் பக்கம்?"

விறகுக் கட்டோடு இறங்கி வந்த ராக்காயி இப்படிக் கேட்டதும் றோலண்ட் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் அவர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வார், பொலிசுக்குச் சிங்களத்தில் பதில் சொல்வார். ஆனால் அஞ்சாம் நம்பர் மலையில், சாயங்கால வேளையில், கையில் குடையோடு ஏன் நிற்கிறீர்கள் என்றால் அவரிடம் எந்த மொழியிலும் பதில் இல்லை.

உண்மையைச் சொல்லலாம்தான். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனதிலிருந்து துரைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் முந்தியவர் எழுதச் சொன்னதை அடித்து எழுதச் சொன்னார். அடித்து எழுதி அடித்து எழுதி றோலண்டுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. யாராவது கதவைத் தட்டினாலே நெஞ்சு படபடத்தது. கடைசியில் நுவரெலியாவுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார்.

"ஒடம்புல ஒண்ணுமில்ல மிஸ்டர் றோலண்ட். மனசுதான் களைச்சுப் போயிருக்கு. தெனம் சாயந்தரம் மலையில நல்லா நடங்க. மரம், செடி, மேகம்னு பாருங்க. இப்போதைக்கு அதுதான் மருந்து" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

மாத்திரை என்றால் மறைத்து விழுங்கலாம். மலையேறுவதை எங்கே மறைப்பது? தோட்டத்தில் கொழுந்துக்கு மலையேறுவார்கள், விறகுக்கு ஏறுவார்கள், மாட்டுக்குப் புல்லறுக்க ஏறுவார்கள். மேகம் பார்க்க ஏறியவர் யாருமில்லை. மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், "கிளாக்கரய்யாவ அங்கொடைப் பைத்தியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம்" என்றுதான் பேச்சாக இருக்கும். அப்புறம் அந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் எந்த முகத்தோடு உட்காருவது? வெளியே மூச்சு விடக்கூடாது என்று மனைவி ஐவியிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

"ஆடு ஒண்ணு காணோம்" என்றார் றோலண்ட்.

"அப்படிங்களா. என்ன ஆடுங்க?"

"கறுப்பு. ஒரு காது வெள்ளை."

சொன்ன பிறகுதான் தன் வீட்டில் ஆடே கிடையாது என்பது அவருக்கு உறைத்தது. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் எந்தக் கோழி அடை கிடக்கிறது என்பது வரை தெரிந்தவள் ராக்காயி. அவள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்காக அவர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. விறகை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, "வாங்க, தேடுவோம்" என்று முன்னால் நடந்தாள்.

தனக்குப் பொய் இவ்வளவு நன்றாக வரும் என்று றோலண்டுக்கு அன்றுவரை தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் குடையோடு கிளம்பியபோது, பாதை முடக்கில் ராக்காயியும், லயத்தில் அவளுக்குப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ஆண்டியப்பனும் இன்னும் நாலைந்து பேரும் கம்போடு நின்றார்கள்.

"பேரு என்னங்கய்யா?" என்றான் ஆண்டியப்பன்.

"யாரு பேரு?"

"ஆட்டுப் பேருதாங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டாதானே வரும்."

பதற்றத்தில் றோலண்டின் வாயில் வந்தது பிலோமினா. அது அவருடைய மாமியாரின் பெயர்.

"ஏ பிலோமினா, ஏ..." என்று ஆண்டியப்பன் பெருங்குரலெடுத்தான். எதிர்மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. றோலண்டின் வீடு இருந்த ஸ்டாப் குவாட்டர்ஸ் வரைக்கும் கேட்டது.

வீடு திரும்பியபோது ஐவி வாசலிலேயே நின்றாள்.

"எங்கம்மா பேரையா ஆட்டுக்கு வச்சீங்க?"

"வாயில வந்துருச்சு."

"ஒங்கம்மா பேரு வாயில வரலையாக்கும்."

அன்றைக்கு முடிவு செய்தார், இந்த ஆட்டை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று. அடுத்த நாள் கூட்டத்தைப் பார்த்து, "எனக்கென்னமோ சிறுத்தை கொண்டு போயிருக்கும்னு தோணுது. விட்டுருங்க" என்றார் சோகமாக.

அவர்கள் விடவில்லை. சிறுத்தை என்ற சொல் அவருக்கு முன்னால் இறங்கிப் போய் எல்லா லயத்துக் கதவையும் தட்டியது. காலையில் பெரட்டில் ஒரு பெண்கூட மேல்மலைக்குப் போகச் சம்மதிக்கவில்லை. புதுத் துரை றோலண்டைக் கூப்பிட்டார்.

"சிறுத்தையைப் பார்த்தவர் நீங்கள்தானாமே" என்று சிங்களத்தில் கேட்டார்.

றோலண்டின் நெஞ்சு மறுபடியும் படபடவென்று அடித்தது. "சிறுத்தை இல்லை சேர். நேற்று ஆட்டின் சத்தத்தைக் காதால் கேட்டேன். உயிரோடுதான் இருக்கிறது" என்று அதே சிங்களத்தில் உளறி வைத்தார்.

உயிரோடு இருக்கிற ஆட்டைத் தேடாமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலம் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. மேகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். றோலண்டோ ராக்காயியின் மருமகள் புராணத்தைக் கேட்டுக்கொண்டே ஓடைக்கு ஓடை தாவினார்.

இனி ஒரே வழிதான். தலவாக்கலையில் ஆட்டு வியாபாரம் செய்யும் மக்பூல் நானாவிடம் போனார்.

"கறுப்பு வேணும் நானா. ஒரு காது மட்டும் வெள்ளையா இருக்கணும்."

மக்பூல் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்தக் காது சேர்?"

"எதுன்னாலும் பரவாயில்ல."

"மகனுக்குப் பொண்ணு தேடுறவங்களும் இவ்வளவு அடையாளம் சொல்ல மாட்டாங்க சேர்" என்று சொல்லிவிட்டு, நாலு கிடைக்கு ஆளனுப்பி ஒன்றைப் பிடித்தும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே கோயிலுக்கும் கடைக்கும் போயிருந்த நேரத்தில், றோலண்ட் தன் சர்ச் பூசையைக்கூடத் தவறவிட்டு, ஆட்டை இழுத்துக்கொண்டுபோய் மேல்மலைப் பாறைக்குக் கீழே ஒரு சவுக்கு மரத்தில் கட்டினார். அது வழியெல்லாம் அவருடைய குடைத்துணியைத் தின்றுகொண்டே வந்தது. சாயங்காலம் யாராவது கண்டுபிடிப்பார்கள், அழகாக நன்றி சொல்லிவிட்டு இந்த நாடகத்துக்குத் திரை போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

சாயங்காலம் கூட்டம் பாறைக்கு வந்தது. மரம் இருந்தது. மரத்தடியில் புழுக்கை இருந்தது. ஆடு இல்லை, கயிறும் இல்லை.

"பிலோமினா" என்று றோலண்ட் கூப்பிட்டார். அன்றுதான் முதல்முறையாக மனதாரக் கூப்பிட்டார்.

இல்லாத ஆட்டைத் தேடியபோது கூட்டத்துக்குப் பின்னால் நடந்தவர், இருந்த ஆடு தொலைந்த பிறகு முன்னால் ஓடினார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினார். கல்லில் வழுக்கினார், அட்டைக்கடி வாங்கினார், ராக்காயி போத்தலில் கொண்டுவந்த பால் இல்லாத தேயிலைச் சாயத்தை வாங்கிக் குடித்தார். இத்தனை வருஷமாக அந்த மலைகளை நம்பர்களாக மட்டும் எழுதியவருக்கு, பதினோராம் நம்பரின் உச்சியில் நின்றால் வட்டகொடை ஸ்டேஷனுக்கு வளைந்து வரும் ரயில் தெரியும் என்பது இப்போதுதான் தெரிந்தது. ரயில் வரும்வரை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டியப்பன் பழைய துரை ஒருவர் குதிரையிலிருந்து விழுந்ததை நடித்துக் காட்டுவான். றோலண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்த நேரங்களில் அவர் சந்தோஷமாகவே இருந்தார். ஆடு தொலைந்த கவலையில் அதை அவர் கவனிக்கவில்லை.

ஒருநாள் அவருக்கே மனம் பொறுக்கவில்லை. பாடுபட்டு வேலை செய்துவிட்டு வருகிற ஜனங்களை இப்படி அலைய வைக்கிறோமே என்று இருந்தது. ஆண்டியப்பனும் மற்றவர்களும் கீழே ஓடையோரம் தேடிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் ராக்காயி மட்டும் பக்கத்தில் நின்றாள்.

"போதும் ராக்காயி. இன்னையோட விட்டுருவோம். அது போயிருச்சு."

ராக்காயி அவர் பக்கம் திரும்பினாள். "ஐயாகிட்ட ஒண்ணு கேக்கலாங்களா?"

வந்தது வினை என்று நினைத்தார் றோலண்ட். உங்கள் வீட்டில் ஆடு எப்போதிருந்தது என்று கேட்கப்போகிறாள். கேட்டால் டாக்டர், தூக்கம், மனசு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். நாளைக்குப் பெரட்டில் தன் பெயர் நாறும். "கேளு" என்றார்.

"நல்லாச் சாப்புடுறீங்களா?"

"சாப்பாடா? ரெண்டு தரம் போட்டுச் சாப்புடுறேன்."

"ராவுல தூக்கம் வருதுங்களா?"

"படுத்தா, காலையில பெரட்டுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டுத்தான் முழிக்கிறேன். எதுக்குக் கேக்குற?"

ராக்காயி இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பிக் கூவினாள்.

"ஏ ஆண்டியப்பா, கிளாக்கரய்யாவுக்கு நல்லாத் தூக்கம் வருதாம். ஒங்க காம்பிராவுல கட்டி வச்சிருக்க ஆட்ட அவுத்துவிட்டுட்டு, ஐயாவப் பாத்துக்கச் சொன்ன ஐவி அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு."