கெணறு தப்புமா, சார்?

கிணறு இருந்தது. மோட்டார் கொட்டகையும் இருந்தது. கொட்டகையை ஒட்டி நிற்க வேண்டிய கொடியை மட்டும் காணோம்.

வெங்கட்ரமணன் வரைபடத்தைப் பார்த்தார். அதில் கட்டைவிரல் கிணற்றின் மேல்தான் இருந்தது. திசைகாட்டியின் ஊசியும் ஒத்துப்போனது.

ஒத்தக்கடைக்கு அப்பால் வயல்வெளியில் நட்டுவைத்த ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு வரிசையாகத் தேடி ஓடும் பந்தயம் அது. ஓரியண்டீரிங் என்று பேர். கொடிக்கம்பில் உள்ள பெட்டியில் விரலில் மாட்டிய சிப்பை வைத்தால் ‘பீப்’ என்று கத்தும். ஒரு கொடியில் கத்தாவிட்டாலும் ஆள் அவுட்.

அவுட்டானால் கார் சாவியும் போச்சு. வண்டியூரில் நடந்த கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பி, சமயநல்லூரில் முன்பின் தெரியாத ஜோடிக்கு அட்சதை போட்டு, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர். கிழக்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேற்குக் கோபுரத்தில் தேடுகிற ரகம்.

“இன்னிக்கு ஒரு கொடி தப்பாம வந்தேள்னா சாவி உங்க கையில. இல்லேன்னா ஆயுசுக்கும் பின்சீட்டுதான்” என்று சொல்லித்தான் மனைவி அனந்தலக்ஷ்மி காலையில் காபியே கொடுத்தாள்.

பந்தயத்தை நடத்துகிறவன் அவள் தம்பி பத்ரி. அவனும் மாசக்கணக்காகப் பாடம் எடுத்திருந்தான். “அத்திம்பேர், ஓட்டத்துலயே படத்தைப் படிக்கணும். நின்னு படிச்சா நேரம் போயிடும். படிக்காம ஓடினா மானம் போயிடும். சந்தேகம் வந்தா ஊசியை நம்புங்கோ, உங்களை நம்பாதேங்கோ.”

முதல் இரண்டு கொடிகளையும் வேகம் குறையாமல் ஓடியே பிடித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷம் இந்தக் கிணற்றடியில் வந்து நின்றுவிட்டது. சீட்டுக் குலுக்கலில் கடைசியாகக் கிளம்பியவர் என்பதால் மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள்.

கிணற்று மேட்டில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறம் பளிச்சிட்டது.

“அடடா, ஒரு வயல் முன்னாடியே நின்னுட்டேனே!”

தோப்பைச் சுற்றி வரப்பில் ஓடினார். ஒரு கால் சேற்றில் இறங்கி, ஷூ இல்லாமல் மேலே வந்தது. ஷூவைத் தோண்டி எடுத்து மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே கொடி இல்லை. மீசைக்காரர் ஒருவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க நின்றார்.

வெங்கட்ரமணன் திரும்பிப் பார்த்தார். கொடி கிணற்றடியில் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது!

கைக்கடிகாரத்தில் உள்ள இரும்பு, திசைகாட்டியின் ஊசியை இழுத்திருக்கும் என்று தோன்றியது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினார். கிணற்றடியில் கொடி இல்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கும் மூச்சிரைத்தது.

“எம்புட்டு அகலம் சார்?” என்றாள்.

வெங்கட்ரமணன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். “எல்லாம் குறைஞ்சுண்டுதாம்மா வரது.”

“அதில்ல சார், கொடி...”

“ஐயையோ, சொல்லாதேங்கோ! யாராவது வழி சொன்னா என்னை நீக்கிடுவா!” இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அவள் விடவில்லை. கிட்டே வந்து கத்தினாள். “கெணறு தப்புமா, சார்?”

பொத்திய காதில் ஒரே ஒரு சொல் நுழைந்துவிட்டது. தப்பு. கிணறு தப்பு!

அவருக்குக் கண்ணை இருட்டியது. ஆக, இது வேறு கிணறு! வரைபடத்தில் தெற்கே இன்னொரு கிணறு இருந்தது. அங்கே ஓடினார். ஓர் எருமை மட்டும் தலைநிமிர்ந்து பார்த்தது. ஊசிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அது காட்டியதற்கு நேரெதிரே ஓடினார். கருவேலங்காடு கையைக் கிழித்தது. அங்கிருந்து கிழக்கே ஒரு கிணறு, அதற்கப்புறம் தண்ணீரே இல்லாத இன்னொரு கிணறு. கொடி எங்கேயும் இல்லை. கட்டைவிரல் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே பயமாக இருந்தது.

தூரத்தில் நேரம் முடிந்ததற்கான விசில் ஒலித்தது.

யானைமலையை அடையாளம் வைத்துக்கொண்டு ஒருவழியாகப் பந்தயம் தொடங்கிய மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். பத்ரி சிப்பைக் கணினியில் செருகிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ரெண்டோட நின்னுடுத்து, அத்திம்பேர்.”

“எனக்கு வராதுடா. பிறவியிலேயே வராது” என்றார் வெங்கட்ரமணன்.

காரோடு காத்திருந்த அனந்தலக்ஷ்மி சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “பின்சீட்டுல ஏறுங்கோ. காலை உதறிட்டு ஏறுங்கோ.”

அவர் ஒரு காலை உள்ளே வைத்தபோது, “சார்! சார்!” என்று குரல் கேட்டது. கிணற்றடிப் பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். கக்கத்தில் மூன்றாம் நம்பர் கொடி.

“கோவிச்சுக்கிறாதீக சார், நீங்க மொத வந்து நின்ன எடந்தேன் சரியான எடம்! ரோடு போட அளக்குறீகன்னு நெனச்சு நாந்தேன் கொடியப் புடுங்கி அந்த மீசக்காரரு அழகுமலை வயல்ல நட்டேன், அவரு திருப்பிக் கொண்டாந்து எங்க கெணத்துல நட்டாரு... ரோட்ட எங்கிட்டு வேணாலும் விடுங்க, எங்க கெணறு மட்டும் தப்பிச்சாப் போதும்!”