மேஸ்திரி தோண்டிய ஜீன்

அன்புள்ள சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம்கூட வேண்டாம், அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. இங்கே அனைவரும் நலம், நாளைக் காலை ஏழு மணி வரை. போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுகிறேன்; எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

குரோமோசோம்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்க ஓர் இணையதளம் சொன்னீர்களே, அங்கேதான் ஆரம்பம். முதலில் கோடு போட்ட காலுறைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஏழாவதைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன், ஒரு ஜீன் திறந்தது. நான்கு குட்டிப் பெட்டிகள், நடுவில் நீள நீளக் கோடுகள். விஷயமெல்லாம் பெட்டிகளில்தானாம், நடுவில் இருப்பதை உடம்பே வெட்டி எறிந்துவிடுமாம். பள்ளிக்கூடத்துக்காக அதை, அப்பா வீடுகளுக்குப் பிளான் வரைகிற தாளில், கோடுகளை மட்டும் அழகுக்காக இரட்டையாக்கி வரைந்து, சுருட்டி, அவர் மேசையிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவசரத்தில் அப்பா ஒரு சுருளை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். இன்று அப்பா கட்டித் தருகிற வீட்டின் அஸ்திவாரத்தைப் பார்க்கப் போனோம். கட்டில் போட்டால் கதவு திறக்காத அளவில் நான்கு அறைகள், நடுவில் ரயில் நிற்கிற நீளத்துக்கு வராந்தா. எண்ணிப் பார்த்தேன் சித்தி, என் ஜீனேதான்.

"சமையலறைக்குப் போக சைக்கிள் வேணுமாய்யா?" என்று அப்பா கத்தினார்.

"தாள்ல இருந்தபடிதான் சார் தோண்டினேன்."

அந்தத் தாள் மழையில் ஊறிக் கூழாகிவிட்டதாம். பன்னிரண்டு வருடம் கூடவே வேலை செய்தவரை, நாளைக் காலை ஏழு மணிக்குக் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அப்பா. மேஸ்திரி மண்வெட்டியைக் கழுவினார்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் நீங்களே ஏழு மணிக்குள் போன் பண்ணி, சுருளை மாற்றி வைத்தது நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். போன வாரம் வந்திருந்தீர்கள், பொருந்தும். உங்களை அப்பா திட்டமாட்டார். விடியற்காலை உங்கள் தெருவுக்கும் பால் ஊற்றுகிற பால்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், ஆறு மணிக்கெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

பின்குறிப்பு: உறை தேடிக் கட்டிலுக்கடியில் கை விட்டேன். என் ஜீன் சுருள் இங்கேயே இருக்கிறது. மேசையைத் துடைக்கும்போது அம்மாதான் எடுத்து வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் மேஸ்திரியிடம் போனது அப்பாவே வரைந்த பிளான். என் தப்பை உங்கள் தலையில் கட்டலாம். அப்பாவின் தப்பை யார் தலையில் கட்டுவது? அடுத்தவர் தலையில் கட்டுகிற ஜீன் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது? அதில் பாதி எனக்கும்

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். "தூங்கலையாம்மா? உன் படம் ஒண்ணு என் மேசையில இருந்துச்சே, அதுதான் மேஸ்திரிகிட்ட போயிடுச்சோ?" அவர் குரலில் இவ்வளவு நம்பிக்கையை நான் கேட்டதே இல்லை. ஆமாம் என்றால் மேஸ்திரியும் தப்பிப்பார், அப்பாவும் தப்பிப்பார். சுருள் என் மடியில் இருக்கிறது. மறுபடி தட்டுகிறார். சித்தி, நான்