என் கேக்கை நானே ஏலத்தில் எடுத்தது பற்றி

செட்டிகுளம்,
செவ்வாய் பின்னேரம்.

அன்புள்ள தங்கச்சி செலினுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உன் முழங்கால் நோவுக்காக என் செபமாலையில் ஒரு பத்து மணியை ஒதுக்கியிருக்கிறேன்.

நிற்க. எனக்கு மூளை பிசகிவிட்டது என்று யாழ்ப்பாணத்தில் நம் உறவுக்குள் கதை உலாவுவதாக அறிந்தேன். அது பிழை. எங்கள் பங்கின் வருடாந்தச் சந்தையில், நான் செய்த கேக்கை அடையாளம் தெரியாமல் நானே ஏலத்தில் எடுத்தேன் என்பதும் பிழை. அடையாளம் தெரிந்துதான் எடுத்தேன். கையில் சேவல் இருந்தது உண்மை. அதற்குக் காரணம் உண்டு. யாரோ கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் காரணம் தெரியாது. குடையும் சேவலும் என் திறந்த வாயும்தான் தெரியும்.

நீ இதைச் சிரிப்பாக எடுக்கக் கூடாது. அந்தப் படத்தை வைத்துத்தான் மகன் பிரதாபன், "அம்மா இனித் தனிய இருக்கேலாது" என்று முடிவுகட்டி, இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னை வவுனியாவுக்குக் கூட்டிப்போக நிற்கிறான். உன்னிடமும் கேட்டானாம். நீயும் குரல்பதிவில், "ஓம் தம்பி, அதுதான் நல்லது" என்றாயாம். என்னிடம் ஒரு சொல் கேட்காமல்! ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்.

எங்கள் சந்தையின் வழக்கம் உனக்குத் தெரியாது. பெண்கள் கேக் செய்து கோயிலுக்குக் கொடுப்போம், அதை ஏலத்தில் விடுவார்கள். முன்பு இன்னாருடைய கேக் என்று பெயர் சொல்லி ஏலம் கூறினார்கள். அதனால் இரண்டு குடும்பங்கள் பூசையில் ஒரே வாங்கில் அருகருகே இருக்க மறுத்த பிறகு, பங்குத்தந்தை பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது எல்லாம் ஒரே அட்டையில், ஒரே மாதிரிக் கண்ணாடித்தாளில் இருக்கும். ஒரு கேக்கை ஒருவரும் கேட்காவிட்டால், அந்த அவமானம் செய்தவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியும்.

சனிக்கிழமை பிரதாபனும் மருமகள் சுதர்சினியும் பேத்தியும் வவுனியாவிலிருந்து சந்தைக்கு வந்தார்கள். வந்து இறங்கியதும் பேத்தி ராட்டினத்தில் ஏறினாள், இறங்கினாள், குடித்த சர்பத் முழுவதையும் என் வெள்ளைச் சேலையில் திருப்பித் தந்தாள், அதைக் கழுவக் குழாயடிக்குப் போகிற வழியில் குலுக்கல் மேசைக்காரி மறித்து, "டீச்சரே ஒரு சீட்டு எடுக்காட்டி மற்றச் சனம் எடுக்குமோ?" என்று கேட்க, மறுக்க முடியாமல் எடுத்தேன், வாழ்நாளில் எந்தக் குலுக்கலிலும் எனக்கு ஒரு சவர்க்காரக் கட்டிகூட விழுந்ததில்லை, அன்றைக்கு உயிருள்ள சேவல் விழுந்தது. அதன் காலில் இருந்த கயிறு, கட்டியவருடைய விசுவாசத்தைப் போலவே தளர்வாக இருந்தது. சேவல் கழற்றிக்கொண்டு பாண்ட் வாத்தியக்காரருக்கு நடுவால் ஓடி, பங்குச் சுவாமியின் அறைவீட்டுக் குசினிக்குள் புகுந்தது. பின்னால் நான்.

சுவாமி எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பாவசங்கீர்த்தனத்துக்கோ?" என்றார்.

"இல்லைச் சுவாமி, சேவலுக்கு."

பிடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது மேசையில் ஒரேயொரு கேக் மிச்சம். என் கேக். அந்தக் கரும்பழுப்பு நிறமும் ஓரத்தில் கஜுப் பருப்புப் பதித்த விதமும் எனக்குத் தெரியாதா? ஏலம் கூறியவன் ஜெயந்தன். உழவு மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகியவன்.

"பட்டரிலை குளிச்ச கேக்! ஒருத்தரும் இல்லையோ? ஊரிலை எல்லாருக்கும் சீனி வருத்தமோ?"

ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஐஸ்கிரீம் வானுக்குப் பின்னாலிருந்து, வானின் பாட்டுச் சத்தத்தில் யாருடையதென்று பிடிபடாத ஒரு குரல் மிகக் குறைந்த விலைக்குக் கேட்டது. அந்த விலைக்கு என் கேக்கை விடுவதா? கன்னியர் மடத்தில் எங்களுக்குக் குரலை உயர்த்தக் கூடாது என்று படிப்பித்தார்கள். ஆகவே குடையை உயர்த்தினேன். குரல் விலையைக் கூட்டியது. நானும் கூட்டினேன். "அங்காலை ஐயா விடேல்லை! இஞ்சாலை குடை விடேல்லை!" என்று ஜெயந்தன் எண்ணெய் ஊற்றினான். சேவல் கூவியது. "சேவலும் கூட்டுது!" என்றான் பாவி. சேவல் என் கையைக் கொத்தியதால்தான் வாய் திறந்தது. நான் கத்தவில்லை.

கேக் எனக்கு விழுந்தது. சனம் விலக, வானுக்குப் பின்னால் நின்றவன் பிரதாபன்.

"அம்மா, நீங்களோ?"

"நீயோடா? உனக்கு என்னத்துக்கு?"

"ஓரத்துக் கஜுவிலையே தெரிஞ்சுது உங்கட கேக் எண்டு. ஒருத்தரும் கேக்கேல்லை, உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு கேட்டனான். நீங்களே வாங்குறீங்களே! உங்கட கேக் எண்டு உங்களுக்கே தெரியேல்லை. நாளைக்குக் காஸ் அடுப்பை நிப்பாட்ட மறந்தா?"

தெரிந்துதான் வாங்கினேன் என்றால் நம்புகிறானில்லை. வீட்டில் வெட்டியபோது, அவன் காதில் விழும்படி சுதர்சினிக்குச் சொன்னேன்: "பார் பிள்ளை, கஜுவை அரைக்காமல் கொத்திப் போட்டால்தான் இப்பிடி வரும். உனக்கு எத்தினைதரம் சொன்னனான்." அவள், "ஓம் மாமி" என்றாள். கெட்டித்தனம் குறைவு, பணிவு உண்டு.

செலின், இங்கே எனக்கு என் கிணறு இருக்கிறது. பின்னேரம் ஆங்கிலம் படிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். வவுனியாவிலும் என்னை மரியாதையாகத்தான் வைத்திருப்பார்கள். அலுமாரியில் நல்ல பீங்கானை வைத்திருப்பதைப் போல. தன் கைக் கேக்கை ஆயிரத்துக்குள்ளும் அடையாளம் காண்பவளுக்கு மறதி இல்லை என்று பிரதாபனுக்கு நீ எடுத்துச் சொல்.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உங்கள் கூரைக்குக் காவலாய் இருக்கட்டும்.

உன் அக்கா,
எமில்டா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வளவு நாச்சியா வந்தா. "டீச்சர், உங்கட கேக்கைப் பிள்ளையள் முடிச்சிட்டாங்கள்" என்றா.

"எந்தக் கேக்?"

"சந்தை ஏலத்திலை நான் எடுத்தது. எங்கட மார்க்கத்திலை பிராந்தி ஆகாது, அது போடாதது உங்கடதுதானே, அதாலை உங்கடது எது எண்டு மருமகளிட்டைக் கேட்டு எடுத்தன். நீங்கள் சேவலுக்குப் பின்னாலை ஓடேக்கை."

"அப்ப நான் வாங்கினது?"

"அது மருமகள் செய்தது எல்லோ? நீங்கள் குறை சொல்லுவீங்கள் எண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லாமல் கொண்டுவந்து வைச்சவா. பிறகு நீங்கள் போட்டி போட்டு எடுக்க, மாமி கண்டுபிடிச்சிட்டா எண்டு நான் நினைச்சன்."

ஆக, நான் மூன்று துண்டு பிராந்திக் கேக் சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு பின்னேரம் கோயிலில் முன்வாங்கில் இருந்து பாடியிருக்கிறேன். நன்றாகப் பாடினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேக் என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அது தன் கேக் என்று சுதர்சினி ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வீட்டுத் திறப்பு இப்போது பிரதாபனின் சட்டைப்பையில் இருக்கும். தன் கேக்குக்கு என்னிடம் பாடமும் கேட்டுக்கொண்டு, அவள் சொல்லவில்லை.

ஆகவே பிரதாபனுக்கு என்ன சொல்வது என்பதை உன் மனச்சாட்சிக்கு விடுகிறேன். எனக்கு வேண்டியது வேறு. எனக்குத் தெரிந்துவிட்டது என்று மருமகளிடம் சொல்வதா, அவள் மூடியதை மூடியபடி விடுவதா? எனக்குத் தெரியவில்லை. குரல்பதிவு வேண்டாம். எழுத்தில் பதில் போடு.